‘மே’ என்று ஒரு வார்த்தை

கல்யாணமான புதிதில் என் கணவர் என்னை ‘மே’ என்றுதான் கூப்பிடுவார். ‘இன்னாமே’, ‘வாமே’, ‘துன்னியாமே’ என்று எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அதன் வாலில் ஒரு மே தொங்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது பிடிக்காது. தெற்கேயிருந்து மாற்றலாகி வந்த ஒரு அம்மாள் ஒருமுறை என்னிடம், “என்ன டீச்சர், உங்க பக்கத்துல பொம்பளைங்கள இப்படி ரவுடி மாதிரி கூப்பிடறாங்க” என்று முகம் சுளித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சண்டைக்காரன் வாயில் அது வசவு. மீன் விற்கிற ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துச் சொன்னால் சிநேகம். கட்டின புருஷன் சொல்லும்போது அது என்ன என்று என்னால் எந்த அகராதிக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த வார்த்தையை நான் தொலைத்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. நானே தொலைத்தேன். தொலைந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. நாலு பேருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த புத்திசாலி நான்.

நான் தென்னேரிப் பக்கத்துப் பெண். அவருக்கு உத்திரமேரூரிலிருந்து நாலு மைல் தள்ளி ஒரு கிராமம். அப்போது செங்கல்பட்டு ஜில்லா. ஐம்பதுகளின் ஆரம்பம். இரண்டு குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஊரார் கழனியில் நடவும் அறுப்பும்தான் பிழைப்பு. எங்கள் தெருவில் எட்டாவது தேறிய முதல் பெண் நான். அப்பாவுக்கு அது பெருமை, அம்மாவுக்கு அது பேஜார். படித்த பெண்ணை எவன் கட்டிக்கொள்வான் என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

கட்டிக்கொள்ள வந்தவர் மூணாவது வரை படித்தவர். ரைஸ்மில்லில் நெல் அவித்துக் களத்தில் காயப்போடுகிற வேலை. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைகள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். இவரோ என் அப்பாவைப் பார்த்து, “பொண்ணு எட்டாவது படிச்சிக்கீதாம், எனக்கு லெட்டர் கிட்டர் வந்தா படிச்சி சொல்லும்ல?” என்று கேட்டார். வீடே சிரித்தது. அதுவரை அவருக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை என்று பிறகு தெரிந்தது.

வாய் ஓயாத மனுஷன். மத்தியானம் மில்லிலிருந்து வரும்போது தலையெல்லாம் உமித்தூசு இருக்கும். சூட்டு நெல்லைக் காலால் கிளறிக் கிளறிப் பாதம் சிவந்திருக்கும். நான் குடத்துத் தண்ணீரை அந்தக் காலில் ஊற்றும்போதே கதை ஆரம்பமாகிவிடும். மில் பெல்ட்டு மேஸ்திரியின் வேட்டியை இழுத்துக்கொண்டு போன கதை. காஞ்சிபுரம் பஸ்ஸை ஒரு எருமை வழிமறித்துக் கொண்டு நகரமாட்டேன் என்ற கதை. டிரைவர் குரலில் பேசுவார், கண்டக்டர் குரலில் பேசுவார், எருமை குரலிலும் பேசுவார். சோற்றுக் கவளத்தை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுவார், அது காய்ந்து போகும்.

“மொதல்ல துன்னுய்யா, அப்பால பேசலாம்” என்பேன்.

“இரு மே, முக்கியமான கட்டத்துல குறுக்க பேசாத.”

எனக்கு வயிறு வலிக்கும் சிரிப்பில். அந்த இரண்டு வருஷம் நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பாதி நாள் கூழ்தான். ஆனால் அவர் சொன்ன கதைகளை வரிசையாகச் சொல்வேன். அவர்மேல் எனக்கு இருந்த ஆசை முக்கால்வாசி காது வழியாக வந்த ஆசை.

ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் ஒருநாள் சொன்னார், எட்டாவது தேறிய பெண்கள் காஞ்சிபுரத்தில் இரண்டு வருஷம் டிரெயினிங் படித்தால் டீச்சர் வேலை கிடைக்கும், தங்க இடமும் சாப்பாடும் அவர்களே கொடுப்பார்கள் என்று. நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணமானவள் புருஷனை விட்டுவிட்டு ஹாஸ்டலில் போய் உட்காருவதா? அவர்தான் விடவில்லை.

“நீ படி மே. நான் நெல்லு அவிக்கிறேன். ரெண்டு பேருமா வெயில்ல வேவணும்?”

“நான் பூட்டா ஒனக்கு யாரு ஆக்கிப் போடுவா?”

“எனக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாதா? நெல்லையே அவிக்கிறவன் நானு.”

தெருவில் சிரித்தார்கள். பெண்டாட்டியைப் படிக்க அனுப்பிவிட்டு இவன் அடுப்பு ஊதுகிறான் என்று முகத்துக்கு நேராகவே பேசினார்கள். அவர் அந்தச் சிரிப்பையும் ஒரு கதையாக்கி, யார் எப்படிச் சிரித்தார்கள் என்று எனக்கு நடித்துக் காட்டினார். டிரங்குப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி, என்னைப் பின்னால் உட்காரவைத்து, அவரே கொண்டுபோய் விட்டார். பாலாற்று மணலில் இரண்டு பேரும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளினோம். ஹாஸ்டல் வாசலில் திரும்பிப் போகும்போது மட்டும் அவர் ஒன்றும் பேசவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார். அந்த மனுஷனுக்கு நான் செய்ததை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

ஹாஸ்டலில் முதல் நாள் நான் வாயைத் திறந்து, “தண்ணி எங்க கீது?” என்று கேட்டேன். அறையில் இருந்த அத்தனை பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு வாரத்துக்கு என் பெயரே ‘கீது’ ஆகிவிட்டது. தமிழ் சொல்லித் தந்த அம்மாள் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தி, மழை, வாழை, கிழவி என்று சொல்லச் சொன்னார். மய, வாய, கெயவி என்றேன். மறுபடி சிரிப்பு. நாளைக்கு இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாயா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான், என் அம்மா, என் தெரு, என் புருஷன், எல்லோரும் சேர்ந்து ஒரு தப்பைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று அன்று நான் நம்பிவிட்டேன்.

வைராக்கியம் பிடித்தவள் நான். குளிக்கிற இடத்தில், துணி துவைக்கிற கல்லில், போகிற இடமெல்லாம் நாக்கை மடித்துப் பழகினேன். மூன்று மாதத்தில் ழ வந்துவிட்டது. அதுவரை ‘அய்தேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள் முதல்முறையாக ‘அழுதேன்’ என்று சொன்னேன். ஆறு மாதத்தில் மேடையேறிப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கினேன். தப்பைத் திருத்திக்கொண்டவளுக்கு அடுத்தவர் தப்பு கண்ணை உறுத்தும். அப்படித்தான் எனக்கும் ஆனது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பதினெட்டு மைல் சைக்கிள் மிதித்து வருவார். வேர்க்கடலை அவித்துத் துண்டில் முடிந்து கொண்டுவருவார். ஹாஸ்டல் கேட்டுக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் இரண்டு மணி நேரம் பேசலாம். பேசுவது அவர், தோல் உரித்துத் தின்பது நான். ஒரு மாதத்துக் கதையையும் அந்த இரண்டு மணி நேரத்தில் கொட்டுவார். அது போதாமல் ஒருமுறை கார்டு எழுதினார். மூணாவது படித்த கை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தது. இன்றும் எனக்கு அது மனப்பாடம்.

‘மே, நான் நல்லா கீறேன். நீ நல்லா கீறயா. மய இல்ல. ஏரி காஞ்சி பூட்ச்சி. வூடு வெறிச்சினு கீது. நீ இல்லாம சோறு எறங்கல மே.’

கார்டு கைக்கு வந்தபோது நாங்கள் திருத்தும் பயிற்சியில் இருந்தோம். மாணவர் நோட்டில் பிழையைச் சிவப்பு மையால் எப்படி வட்டமிடுவது, ஓரத்தில் எப்படிச் சரியானதை எழுதுவது என்று. கையில் சிவப்பு பேனா. சுற்றிலும் தோழிகள். ஒருத்தி எட்டிப் பார்த்துக் கார்டை வாங்கி உரக்கப் படித்தாள். சிரித்தார்கள். எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தை மறைக்க அவர்களைவிடப் பெரிதாகச் சிரித்தேன். சிரித்தபடியே ‘கீறேன்’ என்பதை அடித்து ‘இருக்கிறேன்’ என்று எழுதினேன். ‘மய’ மழையானது. ‘வூடு’ வீடானது. மேலே இருந்த ‘மே’யை அடித்து ‘அன்புள்ள மனைவிக்கு’ என்று எழுதினேன். கீழே இருந்த ‘மே’யையும் அடித்தேன். கடைசியில் பத்துக்கு நாலு என்று மார்க் போட்டு, கவரில் வைத்து, என் கடிதத்தோடு அவருக்கே அனுப்பிவிட்டேன். வேடிக்கைக்கு. சத்தியமாக வேடிக்கைக்குத்தான்.

அடுத்த மாத ஞாயிற்றுக்கிழமை வந்தார். “கார்டு வந்திச்சி” என்றார். “நாலு மார்க்கு தாவலதான். மூணாவதுல நான் ரெண்டு தாண்டினதில்ல” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அன்று அவர் கதை எதுவும் சொல்லவில்லை, “நீ சொல்லு, நீ சொல்லு” என்று என்னையே பேசவைத்தார். சைக்கிள் மிதித்த களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கார்டும் வரவில்லை. மில்லில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று அதையும் விட்டுவிட்டேன். கண்ணுக்கு முன்னால் நடப்பதைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது என்னிடம் நிறைய இருந்தது.

நயா பைசா வந்த வருஷம் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் ஊருக்கு இரண்டு மைலில் ஓராசிரியர் பள்ளி. ஒரே கொட்டகை, ஒரே கரும்பலகை, ஐந்து வகுப்பு, ஒரு டீச்சர். அந்த டீச்சர் நான். கைப்பையும் குடையுமாக நான் தெருவில் நடந்தால், என் படிப்பைப் பார்த்துச் சிரித்தவர்களே எழுந்து நின்றார்கள். டீச்சரம்மா, டீச்சரம்மா என்று ஊரே கூப்பிட்டது. அவரும் விளையாட்டாகக் கூப்பிட்டார். “டீச்சருக்கு ரவ்வூண்டு மோரு வேணுமா?” எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்கவில்லை. டீச்சரம்மா புருஷனை ‘யோவ்’ என்று கூப்பிடுவது நன்றாக இருக்காது என்று நானும் ‘என்னங்க’வுக்கு மாறினேன். அவர் பதிலுக்கு ‘சொல்லுங்க’ என்றார். இரண்டு பேருக்கும் அது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது, நடுவில் ‘மே’ நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை.

திருத்துவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. பள்ளியில் நாள் முழுக்கச் செய்கிற வேலையை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிவைக்க முடியவில்லை. ஒருநாள் உத்திரமேரூர் சந்தையிலிருந்து வந்து, “பயம் வாங்கியாந்தேன்” என்றார். அவர் சொன்னது பழம். “பயத்தை ஏன் வாங்கினீங்க? நம்ம வீட்டில் இல்லாததா?” என்று கேட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவர் சிரித்தார். அடுத்த வாரமும் அதே கேள்வி கேட்டேன், அதற்கும் சிரித்தார். மூன்றாவது முறை லேசாகச் சிரித்தார். அதற்குப் பிறகு பழத்தை வாங்கிவந்து, ஒன்றும் சொல்லாமல் உறியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படித்தான் ஒவ்வொரு வார்த்தையாகப் போனது. மழை என்று சொல்ல வேண்டிய இடத்தில் வானத்தைப் பார்ப்பார். வீடு என்று சொல்ல வேண்டிய இடத்தில் கையைக் காட்டுவார். ‘கீது’ வரும் வாக்கியத்தை ஆரம்பிப்பதே இல்லை. பெண் பிறந்தாள். அவளை நான் என் தமிழில் வளர்த்தேன். நாலு வயதில் அவள் அப்பா முகவாயைப் பிடித்துத் திருப்பி, “வூடு இல்லப்பா, வீடு” என்பாள். அவளைத் தூக்கித் தலைக்குமேல் சுழற்றி, “வீடு வீடு வீடு, சரியா?” என்பார். குழந்தை திருத்தினால் அவருக்கு வலிக்கவில்லை. அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்கலாம்.

புரிந்தது ஒரு சாயங்காலம். பள்ளி முடிந்து ஏரிக்கரை வழியாக வந்துகொண்டிருந்தேன். மதகுப் பக்கத்தில் மில்காரர்கள் ஏழெட்டுப் பேர் குந்தியிருந்தார்கள். நடுவில் இவர். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ புதிதாக மோட்டார் போட்டார்களாம். அதைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று ஒருத்தன் காலில் வைக்கோலைக் கட்டிக்கொண்டு, கையில் கோணி சுற்றிக்கொண்டு போனானாம். “அவன் இன்னா பண்ணான் தெரியுமா, மெதுவா கிட்ட போயி, கண்ண மூடிக்கினு...” அவரும் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு நடித்தார். எல்லோரும் அப்போதே சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். நானும் ஒரு பனைமரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். அதே குரல். அதே அவசரம். எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்தேன். அந்த மனுஷன் செத்துப்போகவில்லை, ஊருக்கெல்லாம் உயிரோடு இருக்கிறார், எனக்கு மட்டும்தான் இல்லை.

ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்தார். “டீச்சரம்மா வர்றாங்க.” இவர் கண்ணைத் திறந்தார். கையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். கதை பாதியில் நின்றது. என்னிடம் வந்து பையை வாங்கிக்கொண்டு, “வாங்க டீச்சர்” என்றார்.

வழியில் கேட்டேன், “அப்புறம் அவன் என்ன செய்தான்?”

“யாரு?”

“மோட்டார்கிட்ட போனவன்.”

“ஒன்றும் இல்லை. சும்மா” என்றார். புத்தகத்தில் இருப்பதுபோல, ஒன்றும் இல்லை. அந்தக் கதையின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து என் மனசு அரித்தது. எங்களுக்குள் சண்டை என்று ஒருநாளும் வந்ததில்லை. அவர் குடிக்கமாட்டார், கைநீட்டமாட்டார். காலையில் குடையைத் துடைத்து வைப்பார், மழை நாளில் பாதி வழி வந்து காத்திருப்பார். தெருப் பெண்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள், ‘தங்கமான மனுஷன், டீச்சருக்கு என்ன மரியாதை’ என்றார்கள். மரியாதைதான். அன்பு எழுந்து போன இடத்தில் மரியாதை வந்து உட்கார்ந்திருந்தது. மரியாதை நல்லதுதான், அதைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் அதோடு சேர்ந்து வயிறு வலிக்கச் சிரிக்க முடியாது. அவர் என்னை இன்னொரு தடவை மே என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. கூப்பிடுவாரா, மாட்டாரா என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். நான் கேட்டால் கூப்பிடுவார். ஆனால் கேட்க எனக்கு வாய் வரவில்லை. டீச்சருக்கு ரோஷம்.

திருத்துவதை நிறுத்தினேன். ஒரு வார்த்தை திருத்தவில்லை. ஆனால் திருத்த ஒரு பிழையும் கிடைக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பெண்ணுக்கு எட்டு வயதானபோது பள்ளி ஆண்டு விழா நடந்தது. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பிள்ளைகள் பாடினார்கள், ஆடினார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர், பெற்றோர் சார்பில் யாராவது இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார். ஒருவரும் எழவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து இவரைத் தள்ளிவிட்டார்கள், டீச்சர் வீட்டுக்காரர்தானே என்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் எழுந்து வரும்போது எனக்குப் பயம் வந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் ‘கீது’ என்று சொல்லிவிடுவாரோ என்று. அவர் வாயிலிருந்து எந்தச் சொல்லுக்காக வருஷக்கணக்காக ஏங்கினேனோ, அதே பேச்சு அந்த இடத்தில் வந்துவிடக் கூடாது என்று சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வேண்டினேன். மனுஷ மனசு இவ்வளவுதான்.

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். “அனைவருக்கும் வணக்கம். மழைக்காலத்தில் இந்தப் பள்ளியின் கூரை ஒழுகுகிறது. குழந்தைகள் புத்தகத்தை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடு போட்டுக் கொடுத்தால் எங்கள் ஏழைப் பிள்ளைகள் நனையாமல் படிப்பார்கள். வணக்கம்.”

ஒரு பிழை இல்லை. மழை, ஒழுகுகிறது, குழந்தைகள், ஏழை. ஒவ்வொரு ழவும் வந்து அதனதன் இடத்தில் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. இன்ஸ்பெக்டர் என் பக்கம் குனிந்து, “உங்கள் கணவரும் ஆசிரியரா?” என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். பெண் பக்கத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். “அம்மா, நான்தாம்மா சொல்லிக் கொடுத்தேன். அப்பா தினம் மில்லு களத்துல நெல்லு கிளறிக்கிட்டே சொல்லிப் பார்ப்பாரு. மழை, வாழை, கிழவின்னு. ரொம்ப நாளா. அம்மாவுக்கு வெக்கமா இருக்கக் கூடாதுன்னாரு, உன்கிட்ட சொல்லிடாதேன்னாரு.” நான் வகுப்பறைக்குள் போய்க் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துணை எழுத்தும் ஒற்றும் விட்டுப்போகாமல் ஒரு மனுஷன் என்னைவிட்டுப் போயிருக்கிறார், அதுவும் எனக்காகவே போயிருக்கிறார். அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.

திரும்பும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. பெண் பரிசுப் புத்தகத்தை ஆட்டிக்கொண்டு வரப்பில் முன்னால் ஓடினாள். அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நடந்தார். நடவு முடிந்த கழனி இரண்டு பக்கமும். இன்று கேட்காவிட்டால் இனிமேல் கேட்கமாட்டேன் என்று தெரிந்தது. ரோஷத்தை வரப்பு ஓரத்தில் தள்ளிவிட்டு நின்றேன்.

“யோவ்” என்றேன்.

எனக்கே அந்தச் சத்தம் விசித்திரமாக இருந்தது. அவர் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் நான் என்று தெரிந்து, “என்ன டீச்சர்?” என்றார்.

“நீ... நீ ஏன்யா என்கிட்ட பேச மாட்டேங்கிற?” பாதியில் என் நாக்கும் தடுக்கியது. மாட்டன்ற என்று வர வேண்டிய இடத்தில் மாட்டேங்கிற என்று வந்தது.

“பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்” என்றார்.

“இந்தப் பேச்சு இல்ல. அந்தப் பேச்சு. அந்தக் கார்டுல நான் சிவப்பு மை போட்டது தப்புய்யா. பயம்னு கேலி பண்ணது தப்பு. எல்லாம் தப்பு. ஒரே ஒரு தபா என்னை மேன்னு கூப்புடு. அது போதும்.”

அவர் பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் கழித்து நேராக, முழுசாகப் பார்த்தார். சிரித்தார். கூப்பிடுவதற்காகத்தான் வாயைத் திறந்தார், அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. ‘ம’வுக்காக உதடு இரண்டும் சேர்ந்தன. சேர்ந்தது சேர்ந்தபடி நின்றது. இன்னொரு முறை முயற்சி செய்தார். மறுபடியும் உதடு மூடியது, திறக்கவில்லை. கூச்சம்போல இருந்தது. வேற்று ஆணுக்கு ஒரு மரியாதைக்குரிய பெண்ணைப் பார்த்து ஒருமையில் கூப்பிட எப்படிக் கூசுமோ அப்படி. அவர் கண் கலங்கிவிட்டது. என்மேல் கோபம் ஒரு துளி இல்லை, வருத்தமும் எனக்காகத்தான்.

“ஆச கீது டீச்சர்” என்றார். “வாய்தான் வர்ல.”

பெண் தூரத்திலிருந்து எங்களைக் கூப்பிட்டாள். அவர் பையை எடுத்துக்கொண்டார். வுடுய்யா, பரவால்ல என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். பரவாயில்லை, விடுங்கள் என்றுதான் எனக்கு வந்தது.